தேப்பு வண்டிக்கு நம்பர் இல்லை

'பாஆஆம்!'

முதுகுக்குப் பின்னால் அலறிய ஹாரனில் செல்வலட்சுமியின் கை ஒரு கணம் நின்றுவிட்டது. நின்றது எங்கே? வெள்ளைச் சட்டையின் காலரில். பதறிப்போய் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தாள். காலரைத் தடவிப் பார்த்தாள். நல்லவேளை, கருகவில்லை. மூச்சு விடுவதற்குள் மறுபடியும் 'பாஆஆம்!'

மட்டாஞ்சேரியில் ஹாரன் சத்தம் அதிசயமில்லை. மிளகு மூட்டை ஏற்றிய லாரி, படகுத்துறைக்குப் போகும் ஆட்டோ, டூரிஸ்ட் பஸ் என்று விடிந்தது முதல் ஒரே கூப்பாடுதான். ஆனால் இந்தச் சத்தம் ரோட்டிலிருந்து வரவில்லை. 'பத்மவிலாசம்' ஃப்ளாட்டின் முற்றத்துக்குள்ளேயே, அவளுடைய தள்ளுவண்டியை இடிக்காத குறையாக ஒரு பெரிய வெள்ளைக் கார் வந்து நின்றிருந்தது.

கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஒருவர் எட்டிப் பார்த்தார். தமிழ்நாட்டு நம்பர்.

"ஏனுங்க்கா, கொஞ்சம் வண்டிய நகர்த்திக்கிறீங்களா? இது எங்க இடமுங்க."

"உங்க இடமா? எந்த ஊர்லேர்ந்து வாரீங்க?"

"கோயமுத்தூருங்க."

"கோயமுத்தூர்லேர்ந்து வந்து எங்க முத்தத்துல இடம் வாங்கிட்டீங்களாக்கும்?"

"வாங்கலீங்க. புக் பண்ணியிருக்கோம். இதப் பாருங்க, பத்மவிலாசம், ஒம்பதாம் நம்பரு. சாயங்காலம் வரைக்கும் எங்களுதுங்க."

அவர் மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் செல்வலட்சுமிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்டினால் திருப்பித் திட்டலாம். 'ங்க' போட்டுத் துரத்துகிறவரை என்ன செய்வது? பின் ஸீட்டில் இரண்டு குழந்தைகள் அரண்மனை பார்க்கத் துடித்துக்கொண்டிருந்தன.

கீழே குனிந்து பார்த்தாள். வண்டியின் நான்கு சக்கரங்களுக்கும் நடுவே, தரையில், மஞ்சள் பெயிண்டில் பளிச்சென்று ஒரு '9'.

போன மாதம்தான் அந்தக் கோடுகளைப் போட்டார்கள். "சேச்சி, ஒண்ணு மாறித் தரணே" என்று பெயிண்டர்கள் கேட்டபோது வண்டியைத் தள்ளிக் கொடுத்ததும் அவள்தான். வெயிலில் நின்று வேலை செய்கிறார்களே என்று தன் ஃப்ளாஸ்கிலிருந்து சாயா ஊற்றிக் கொடுத்ததும் அவள்தான். பெயிண்ட் காய்ந்ததும் வண்டியைப் பழைய இடத்துக்கே தள்ளி வந்து நிறுத்திவிட்டாள். கோடு என்றால் கோடு, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தாள். தன் காலடியில் வேறொருவருக்கு இடம் எழுதி வைக்கிறார்கள் என்று யார் கண்டது?

செல்வலட்சுமி சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. கல்யாணமாகிக் கொச்சிக்கு வந்த புதிதில் வீடு வீடாகத் துணி வாங்கிக்கொண்டு போனவளை, அப்போது ஃப்ளாட் செகரட்டரியாக இருந்த நீலகண்டன்தான் கூப்பிட்டு, "அந்த பாதாம் மரத்தடி சும்மாத்தானே கிடக்கு, அங்கே வண்டியைப் போட்டுக்கோ" என்றார். அவர் மகனோடு துபாய்க்குப் போய்விட்டார். மரத்தடி மட்டும் அவளுக்கு நிலைத்தது. இஸ்திரி வண்டிக்கு நிழல் ஆடம்பரமில்லை. காயலிலிருந்து வீசும் காற்றில் சிரட்டைக் கரி சாம்பல் பறந்து வெள்ளைத் துணியில் விழுந்தால் அந்த வீட்டு வாடிக்கை அன்றோடு போயிற்று. இங்கே மூன்று பக்கமும் சுவர். ராத்திரி வண்டியை விட்டுப் போனாலும் யாரும் தொடமாட்டார்கள். ரோட்டோரம் நின்றால் கார்ப்பரேஷன்காரன் ஒரு நாள் தூக்கிக்கொண்டு போய்விடுவான். இந்த இடம் போனால் தொழில் போயிற்று.

அன்றைக்கு வேறு வழியில்லாமல் வண்டியை கேட்டுக்கு வெளியே தள்ளினாள். மத்தியானத்துக்குள் ஒரு முண்டு, இரண்டு பள்ளிக்கூடச் சட்டை, எல்லாவற்றிலும் கரும்புள்ளி. மறுபடி துவைத்துத் தருகிறேன் என்று ஒவ்வொரு வாசலாகப் போய்ச் சொன்னாள். சொல்லி முடித்ததும் நேராக இப்போதைய செகரட்டரி வெங்கடேஸ்வரனின் வீட்டு மணியை அழுத்தினாள்.

வெங்கடேஸ்வரன் பாலக்காட்டுக்காரர். பாங்க்கில் பெரிய உத்தியோகம் பார்த்து ரிடையர் ஆனவர். கதவைத் திறக்கும்போதே கையில் டாப்லெட்.

"சாமி, என் இடத்துல கார் நிக்குது."

"உன் எடமா? எந்த எடம்?"

"மரத்தடிதான்."

"மரத்தடின்னு இப்போ ஒண்ணும் கிடையாதாக்கும். ஒம்பதாம் நம்பர் ஸ்லாட்டுன்னு சொல்லு. எல்லாம் 'ஸ்தலமுண்டு'ங்கற ஆப்புக்குக் குடுத்தாச்சு. கேட்டியா, இந்த ஊர்ல காரை விட எடமில்லாம டூரிஸ்டெல்லாம் அலையறா. நம்ம முற்றத்துல பாதி எடம் பகல் முழுக்க வெறுதே கிடக்கறது. யார் யாருக்கு எடம் வேண்டாமோ அவா ஆப்புல போட்டா, வேணுங்கறவா புக் பண்ணிப்பா. எவ்வளவு நல்ல ஏற்பாடு!"

"நல்ல ஏற்பாடுதான் சாமி. நான் அங்க நிக்கேனே, அது யாரு கண்ணுக்கும் தெரியலையா?"

"நீ நிக்கறது எனக்குத் தெரியறது. ஆப்புக்குத் தெரிய வேண்டாமோ? வண்டியை ரெஜிஸ்டர் பண்ணு, தெரியும். நம்பர் என்ன?"

"தள்ளுவண்டிக்கு எங்க சாமி நம்பர்?"

"அப்போ அது வண்டியே இல்லையாக்கும்!" என்று சொல்லிவிட்டு, பெரிய கணக்குக்கு விடை கண்டுபிடித்தவர் போலச் சிரித்தார். "வண்டி இல்லாத ஒண்ணுக்கு வண்டி விடற எடத்தை நான் எப்படிக் குடுப்பேன்? சொல்லு."

செல்வலட்சுமிக்கு வாயில் வந்தது வேறு. விழுங்கிக்கொண்டாள். அவருடைய நான்கு வேட்டிகள் அவள் வண்டியில்தான் இருந்தன.

படியிறங்கும்போது முதல் மாடியில் ஸுப்ரியாவின் கதவு திறந்திருந்தது. இந்த ஃப்ளாட்டில் அவளுக்கு மனசுவிட்டுப் பேச ஒருத்தி உண்டென்றால் அது ஸுப்ரியாதான். கொச்சியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழ் பேசுவாள், எழுதச் சொன்னால் மலையாளத்தில்தான் எழுதுவாள். வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை. கார் கிடையாது, ஸ்கூட்டர்கூடக் கிடையாது.

இவர்கள் இருவரும் நெருங்கியதே ஒரு கூத்து. கொச்சியில் இஸ்திரி போடுவதைத் 'தேப்பு' என்பார்கள். ஆட்டோ ஸ்டாண்டுச் சேட்டன்மார்கள் செல்வலட்சுமியை 'தேப்புக்காரி' என்று கூப்பிட்டுவிட்டு ஏன் தங்களுக்குள் இளிக்கிறார்கள் என்பது அவளுக்கு நெடுநாள் புரியவில்லை. ஒருநாள் மாலை, அபிராம் என்று ஒரு பையன் பைக்கில் வந்து, இதே மரத்தடியில் ஸுப்ரியாவோடு தலையைக் குனிந்துகொண்டு பேசினான். பிறகு போய்விட்டான். ஸுப்ரியா வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, அவன் என்னைத் தேச்சுட்டான் அக்கா!"

"எதை மோளே? சுடிதாரையா? என்கிட்ட குடுக்காம அவன்கிட்ட எதுக்குக் குடுத்தே?"

அழுதுகொண்டிருந்தவள் அப்படியே சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள். காதலித்து ஏமாற்றிவிட்டுப் போவதற்கும் இங்கே 'தேப்பு' என்றுதான் பெயர், அவனுக்கு வேறிடத்தில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதாம், அதைச் சொல்லத்தான் வந்தானாம் என்று விளக்கினாள். ஸ்டாண்டுக்காரர்களின் இளிப்புக்கும் அன்றைக்குத்தான் அர்த்தம் புரிந்தது. அதற்குப் பிறகு ஒரு வாரம் அந்தப் பெண் சாப்பிட மறுத்தபோது, கரியை அணைத்த கையோடு மேலே போய், கஞ்சியும் பயறுமாக ஊட்டாத குறையாகக் கொடுத்துவிட்டு வந்தாள் செல்வலட்சுமி.

இப்போது எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பேடிக்காதீங்கோ அக்கா. நான் இல்லையா?" என்றாள் ஸுப்ரியா. ஃபோனை எடுத்து, செல்வலட்சுமியின் பெயரில் 'ஸ்தலமுண்டு'வில் பதிவு செய்ய உட்கார்ந்தாள். பெயர் கேட்டது, கொடுத்தார்கள். வாகன எண் கேட்டது. எல்லாம் பூஜ்யமாகப் போட்டுப் பார்த்தார்கள். நம்பர் பிளேட் தெரியும்படி ஃபோட்டோ கேட்டது. இருவரும் கீழே இறங்கிப்போய், தள்ளுவண்டியைக் கைப்பிடியோடு, கரிப்பெட்டியோடு, அழகாக ஃபோட்டோ எடுத்தார்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு அந்த ஆப் மலையாளத்தில் பதில் சொன்னது. ஸுப்ரியா படித்துக் காட்டினாள்.

"'இது வாகனம் அல்ல'ங்கறது அக்கா."

"சாமியும் ஆப்பும் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கும் போல."

இருவரும் சிரித்தார்கள். அப்போது ஃபோனிலிருந்து 'கிளிங்' என்று உண்டியலில் சில்லறை விழுந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஸுப்ரியா சட்டென்று அதைக் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

"அந்த ஒம்பதாம் நம்பர் யாருதுன்னு உனக்குத் தெரியுமா மோளே? அவங்ககிட்டயே கால்ல விழுந்து கேட்டுப் பாக்கேன்."

"அதெல்லாம் குலுக்கல் போட்டுக் குடுத்தது அக்கா. யாருக்கு எதுன்னு ஆருக்கும் ஓர்மை இல்லை. நீங்கோ நாளைக்கு மரத்தடியிலேயே நில்லுங்கோ. நான் பேசிக்கறேன்."

அந்தப் பேச்சை நம்பி மறுநாள் மரத்தடியிலேயே நின்றாள். ஒரு கார் வந்தது. அசையவில்லை. காரிலிருந்தவர் ஃபோனில் எதையோ படபடவென்று தட்டிவிட்டுப் போய்விட்டார். அப்பாடா, தீர்ந்தது என்று நினைத்தாள். பெட்டியில் கரி நிரப்பி, விசிறி, தணல் பிடித்ததும் வெங்கடேஸ்வரனின் ஜரிகை வேட்டியை விரித்தாள். அவருக்கு மத்தியானம் ஏதோ கல்யாணமாம்.

பாதி வேட்டி முடிவதற்குள் ஆரஞ்சு கலர் ஜாக்கெட் போட்ட இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். ஒருவன் கையில் மஞ்சள் இரும்புப் பூட்டு. நோ பார்க்கிங்கில் நிற்கும் காரின் சக்கரத்தில் மாட்டுவார்களே, அது. யாருடைய காருக்கு வந்திருக்கிறார்களோ என்று அவள் வேடிக்கை பார்த்தாள். அவர்கள் குனிந்தார்கள். 'க்ளக்' என்று ஒரு சத்தம். பூட்டு விழுந்தது அவளுடைய தள்ளுவண்டியின் முன் சக்கரத்தில்!

"ஏய், ஏய்! என்ன செய்யுதீங்க?"

"கம்ப்ளைண்ட் உண்டு சேச்சி," என்றான் மூத்தவன். ஜாக்கெட்டில் ஷிஹாப் என்று பெயர் இருந்தது. "அனுமதியில்லாத வாகனம்னு எழுதியிருக்கு. ஃபைன் அடைச்சா பூட்டைக் கழட்டித் தரும்."

"என்ன வாகனம்?"

"அனுமதியில்லாத வாகனம்."

செல்வலட்சுமி இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"சாமீ!" என்று அவள் போட்ட சத்தத்தில் பாதாம் மரத்துக் காக்கைகள் கிளம்பின. "வெங்கடேஸ்வரன் சாமீ! கொஞ்சம் கீழ வாங்க!"

ஜன்னல்கள் திறந்தன. மூன்றாம் மாடி கற்பகம் டீச்சர் ஈரத் தலையோடு இறங்கி வந்தாள். பள்ளிக்கூடத்துக்குக் கட்டவேண்டிய புடவை அவளுக்கும் அந்த வண்டியில்தான் கிடந்தது. கல்யாணத்துக்குப் போகவேண்டிய வெங்கடேஸ்வரன் லுங்கியோடு வந்து சேர்ந்தார்.

"என்னத்துக்கு இப்படிக் கத்தறே?"

"நேத்து நீங்க என்ன சொன்னீங்க? இது வண்டியே இல்லைன்னு சொன்னீங்க. உங்க ஆப்பு என்ன சொல்லிச்சு? வாகனம் அல்லன்னு சொல்லிச்சு. இன்னிக்கு இந்தப் பிள்ளைக வந்து வாகனம்னு சொல்லிப் பூட்டுதாங்க. இடம் கேட்டா வண்டி இல்லை, அபராதம்னா மட்டும் வண்டியா? ராத்திரியோட ராத்திரியா இதுக்கு எஞ்சின் முளைச்சிருச்சா?"

கற்பகம் டீச்சர் களுக்கென்று சிரித்தாள். ஷிஹாபே உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினான்.

"பூட்டைப் பாருங்க சாமி! கார் வந்தா நகருன்னுதானே சொன்னீங்க? இப்ப நான் நகரலாம்னாலும் நகர முடியாது. புக் பண்ணினவன் உள்ள வர முடியாது. நின்னாலும் குத்தம், போகவும் விடமாட்டாங்க. இது என்ன ஏற்பாடு? யாருக்கு நல்ல ஏற்பாடு?"

"அது வந்து... சாஃப்ட்வேர் அப்படி..."

"சாஃப்ட்வேரா என் வண்டிச் சக்கரத்துல பூட்டு போட்டது? கம்ப்ளைண்ட் பண்ணினது ஆளு! ரெண்டு கால், ரெண்டு கை உள்ள ஆளு! இத்தனை நாள் என்கிட்டத் துணி போட்டுட்டு, என்கிட்ட வந்து ஒரு வார்த்தை 'செல்வி, நகரு'ன்னு சொல்ல வாய் இல்லாம, ஃபோன்ல விரலால தள்ளிப் பேசினாங்களே, நீங்கதானே சாமி அது?"

வெங்கடேஸ்வரனுக்கு முகம் சிவந்துவிட்டது. "குருவாயூரப்பன் ஸத்யமா நான் இல்லை! ஸ்லாட்டோட ஓனர்தான் கம்ப்ளைண்ட் பண்ண முடியும். செகரட்டரிக்கு அந்தப் பட்டனே கிடையாது. என் வேஷ்டியே உன்கிட்ட இருக்கு, நான் ஏன் பூட்டச் சொல்லப்போறேன்?"

அது நியாயமாகத்தான் பட்டது.

"அப்ப ஓனர் யாரு?"

அவர் முதல் மாடி ஜன்னலை ஒரு முறை பார்த்துவிட்டு, "உனக்குத் தெரியும்னுன்னா நெனச்சேன்," என்றார் மெதுவாக.

ஷிஹாப்தான் ஃபோனைத் திருப்பிக் காட்டினான். செல்வலட்சுமிக்கு மலையாள எழுத்து தட்டுத் தடுமாறித்தான் வரும். படிக்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. 'ஸ்லாட் 9, உடமஸ்தை' என்பதற்குப் பக்கத்தில் ஒரு ஃபோட்டோ இருந்தது. கருநீலக் கைத்தறிக் குர்த்தாவில் சிரித்துக்கொண்டிருந்தாள் ஸுப்ரியா. அந்தக் குர்த்தாவின் மடிப்பு கலையாத தோள் செல்வலட்சுமியின் கைவேலை.

ஸுப்ரியா அதற்குள் இறங்கி வந்துவிட்டிருந்தாள். காதில் மாட்டியிருந்த ஒயரைக் கழற்றக்கூட இல்லை. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"அக்கா... பூட்டுவான்னு எனக்குத் தெரியாது. புக் பண்ணினவா, எடத்துல வண்டி நிக்கறதுன்னு பரிபவம் சொன்னா. 'உங்கள் இடத்தில் தடை இருக்கிறதா'ன்னு ஆப்புல கேட்டது. ஆமான்னு ஒரே ஒரு தடவை தொட்டேன். அவ்வளவுதான்."

"நேத்து, ஃபோட்டோ எடுத்தியே மோளே? பூஜ்யம் பூஜ்யமாப் போட்டுப் பாத்தியே? அப்பவும் இடம் உன்னுதுதானா?"

ஸுப்ரியா ஃபோனை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"உண்டியல் சத்தம் கேட்டுச்சே. அது?"

"எனக்குக் கார் இல்லை அக்கா. ஸ்லாட் வெறுதே கிடக்கு, புக் பண்றவா தர்ற காசு மெயின்டனென்ஸுக்காவது ஆகட்டும்னு..."

"வெறுதே கிடக்கா? நான் நின்னது வெறுதேயா?"

செல்வலட்சுமி பூட்டைக் காட்டி ஷிஹாபைப் பார்த்தாள். அவன் ஃபைனைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், ஸுப்ரியாவிடம் ஃபோனில் எதையோ தொடச் சொல்லி, பூட்டைக் கழற்றினான். ஸுப்ரியா அவசர அவசரமாக இன்னும் எதையெதையோ தொட்டாள். "இப்பவே ஆப்புலேர்ந்து எடுத்துட்டேன் அக்கா. இனிமே ஒருத்தரும் வரமாட்டா. இங்கேயே நில்லுங்கோ."

செல்வலட்சுமி காதில் வாங்கவில்லை. பெட்டியைத் திறந்து, கனன்றுகொண்டிருந்த கரியை மரத்தடியில் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. பாதி தேய்த்த ஜரிகை வேட்டியை மடித்து வெங்கடேஸ்வரனின் கையில் வைத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். கற்பகம் டீச்சரின் புடவையை மட்டும் கொடுக்காமல், "வெளிய வச்சுத் தேச்சுத் தாரேன் டீச்சர், கொஞ்சம் சாம்பல் விழும்" என்றாள்.

"விழட்டும்," என்றாள் டீச்சர். வண்டியின் பின்பக்கம் போய்த் தானும் ஒரு கை கொடுத்துத் தள்ளினாள்.

சக்கரம் மஞ்சள் ஒன்பதைத் தாண்டியது. கேட் வரைக்கும் ஸுப்ரியா கூடவே ஓடி வந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்திருந்தது.

"எங்கே போவீங்கோ அக்கா? என்னை வேணும்னா திட்டிடுங்கோ. உங்ககிட்டச் சொல்லணும்னுதான் இருந்தேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியலை..."

செல்வலட்சுமி அந்த விரல்களைக் கைப்பிடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"அன்னிக்கு உன்னைத் தேச்சவன்கூட, இந்த மரத்தடிக்கு வந்து, மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுத்தான் போனான் மோளே."